வரிசை கெட்டால்தான் வாழ்வான் ஹிசகிச்சி

நாற்பதாண்டுக் காலம் ரயில்வேயில் நேர அட்டவணை எழுதி, நொடி பிசகாமல் வண்டி விட்டு, இன்று எங்கள் மூன்றாம் வட்டாரச் சங்கத்தை அதே நொடிக்கணக்கில் நடத்திவரும் தலைவர் சியோமி அவர்களே, தலைவர் பேசினால் தலையாட்டியும் பேசாவிட்டால் பெருமூச்சு விட்டும் சங்கம் வளர்க்கும் செயற்குழுப் பெரியோர்களே, வீட்டில் அரிசி ஊறப்போட்டுவிட்டு இங்கே வந்து ஆற அமர உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கருத்தாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மீன்கடை உசாமி அவர்களே, உங்கள் அனைவரின் தலையையும் தொட்டுத் தொழில் செய்யும் முடிதிருத்தும் நெகோரோவின் பணிவான வணக்கம்.

தலைவர் எனக்கு எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார். வணக்கத்துக்கே ஒரு நிமிடம் போய்விட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பார்த்துவிட்டேன் தலைவரே.

இன்று நம் முன்னால் இருப்பது ஒரு தீர்மானம். சனிக்கிழமை மதியம் இந்தக் கூடத்தில் நாம் கூடிப் பார்க்கும் ‘குளியல் கூடத்துக் குண்டர்கள்’ என்ற அனிமே தொடரை இனிமேல் காட்டக் கூடாது என்பது அந்தத் தீர்மானம். முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் யார் என்று தேடினேன். அதுவும் தலைவர்தான்.

என்ன குற்றம் செய்தது அந்தத் தொடர்? அடிதடி அதிகம் என்கிறார்கள். இல்லை என்று நான் சொன்னேனா? ஒரே ஒரு பொதுக் குளியல் கூடம். அதற்கு இரண்டு கும்பல் சண்டை. ஈரத் துண்டால் அடிக்கிறார்கள், இரும்பு வாளியால் அடிக்கிறார்கள், இரண்டாம் பகுதியில் நாற்பத்தோரு பேரைப் புகைபோக்கி வழியாக வெளியே எறிகிறார்கள். எறியப்பட்டவர்கள் மூன்றாம் பகுதியில் வரிசையில் நின்று துண்டு வாங்குகிறார்கள். ரத்தம் பீறிடுகிறது, பீறிட்ட ரத்தத்தில் வழுக்கி இன்னொருவன் விழுகிறான், விழுந்தவனைப் பார்த்து வெட்ட வந்தவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அடியும் உண்டு, இடியும் உண்டு, அத்தனையையும் மீறிய வெடிச்சிரிப்பும் உண்டு.

என்ன உசாமி சான்? “நாப்பத்தோரு பேரு இல்ல, நாப்பத்திரண்டு” என்கிறீர்களா? தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். மன்னிக்கவும்.

இரண்டாவது குற்றம், கதைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை என்பது. அதுவும் உண்மை. முதல் பகுதியில் நாயகன் ஹிசகிச்சிக்குச் சாவுச் சடங்கு. இரண்டாம் பகுதியில் அதே ஹிசகிச்சி உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சுகிறான். மூன்றாவது, பத்து வருடம் முன்னால். நான்காவது, முதல் பகுதிக்கு அரைமணி நேரம் முன்னால். முன்னது பின்னாகும், பின்னது முன்னாகும், பார்க்கிற நம் மண்டை பம்பரமாகும். இளவேனிலில் முதல்முறை காட்டியபோது நம் தலைவர் பன்னிரண்டாம் நிமிடம் எழுந்து போனார். போகும்போது, “இந்த வண்டி எந்த ஸ்டேஷன்ல கெளம்புச்சுன்னே தெரியல” என்றார். நாம் எல்லோரும் இருபத்தாறு பகுதியும் இருந்து பார்த்தோம். பார்த்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வேண்டும் என்று கேட்டோம்.

அங்கேதான் அன்பர்களே, வினை தொடங்கியது. வினையும் எப்படி வந்தது தெரியுமா? உதவி செய்கிற உருவத்தில் வந்தது. தலைவர் தொடரின் வட்டுப் பெட்டியில் இருந்த கதைச் சுருக்கப் புத்தகத்தை வாங்கிப் போனார். ஒரு பகுதியைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. படித்தார், அளந்தார், கோடு கிழித்தார். ஒரு வாரத்தில் இந்தச் சுவர் அகலத்துக்கு ஓர் அட்டவணை வந்தது. ஹிசகிச்சி வருகை, ஹிசகிச்சி புறப்பாடு என்று எல்லாம் தேதி வாரியாக எழுதியிருந்தது. இருபத்தாறு பகுதிகளையும் காலவரிசைப்படி அடுக்கி, எண் ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

நாமும் என்ன செய்தோம்? தலைவர் கைவலிக்க எழுதியிருக்கிறாரே, வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் வாடுமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேனா? நானும் திறக்கவில்லை. பதின்மூன்று சனிக்கிழமை, பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தோம்.

கடைசிச் சனிக்கிழமை என்ன ஆயிற்று? வரிசைப்படி கடைசியில் வருவது எது? சாவு. பெட்டியை மூடினார்கள், மணி அடித்தார்கள், திரை இருண்டது. விளக்குப் போட்டால், இரண்டாம் வரிசையில் தலைவரின் துணைவியார் ஹட்சுவே அக்கா குலுங்கிக் குலுங்கி அழுகிறார். முதல்முறை இதே கூடத்தில் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தவர் அவர். எழுந்து நின்று தலைவரைப் பார்த்து, “ஆளைக் கொன்னுட்டீங்களே” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரோடு பேச்சே இல்லை.

இந்தச் செய்தி எங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? தலைவர் வீட்டிலிருந்து கிளம்பி, பதினெட்டு வீடு சுற்றி, வீட்டுக்கு வீடு முத்திரை வாங்கி, மறுபடி தலைவர் வீட்டுக்கே வந்து சேரும் நம் சுற்றறிக்கைப் பலகை இருக்கிறதே, அதில் தெரிந்தது. குப்பை எடுக்கும் நாள், நிலநடுக்கப் பயிற்சி, இவற்றுக்குக் கீழே ஹட்சுவே அக்கா கையெழுத்தில் ஒரு சீட்டு. “எங்கள் வீட்டு ஆளுக்கு: மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது.” ஒரே கூரைக்குள் இருக்கிற மனிதருக்கு அந்தச் சூப் ஒன்பது நாள் கழித்து, பதினெட்டு முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. ஏழாம் வீட்டுக்காரர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: “சுட வைத்துக் குடிக்கவும்.”

சிரிக்காதீர்கள். அடுத்த சுற்றில் வந்தது: “எங்கள் வீட்டு ஆளுக்கு: ஹிசகிச்சி உயிரோடு வரும்வரை என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராது.” தலைவர் விட்டாரா? அதே பலகையில் பதில் எழுதினார்: “மேற்கண்ட பொருள் குறித்து: இறந்தவர் இறந்தவரே. அட்டவணையில் பிழையில்லை.” பதினெட்டு வீட்டிலும் முத்திரை குத்தினோம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஊரே ஒப்புகைச் சீட்டுக் கொடுத்த கொடுமை வேறெங்காவது உண்டா?

இன்றோடு நாற்பது நாள். அக்கா அதோ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், தலைவர் இதோ இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான் நின்று பேசுகிறேன். என் நிலைமையை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

இப்போது நான் ஒரு வாக்கை மீறப் போகிறேன். தலைவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை, கதவு இறக்கியிருந்தது. யாரோ தட்டினார்கள். திறந்தால் தலைவர். முடிவெட்டவா வந்தார்? வெட்ட அங்கே என்ன இருக்கிறது? உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நெகோரோ சான், அந்தத் தொடர்ல, அவங்க செஞ்ச வரிசையில, கடைசியா என்ன வருது?”

“அவன் அந்தக் குளியல் கூடத்துக்கு மொத மொத வர்ற நாள் வருது.”

“அதை நான் ஒண்ணாம் நம்பர் போட்டேன்.”

“தெரியும்.”

“பாக்கணும்.”

போட்டேன். ஒரு பகுதி பார்த்தால் புரியாது என்று, படைத்தவர்கள் வைத்த முதல் பகுதியிலிருந்தே கடைத் தொலைக்காட்சியில் போட்டேன். காலையில் உட்கார்ந்தவர், என் கடையிலேயே சோற்று உருண்டை தின்று, விளக்கு ஏற்றும் நேரம் வரை பார்த்தார். கடைசிப் பகுதி வந்தது. தலை நிறையச் சோப்பு நுரையோடு, கண் தெரியாமல், கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே ஹிசகிச்சி வருகிறான். சோப்பில் கால் வைக்கிறான். இரண்டு கும்பலுக்கும் நடுவே சறுக்கிக்கொண்டே போய், இரண்டு தலைவர்களையும் வாரிக்கொண்டு தொட்டியில் விழுகிறான். பின்னால் அவனைக் கொல்லப்போகிற அத்தனை பேரும், அவனுக்காக அழப்போகிற அத்தனை பேரும், தண்ணீருக்குள் கிடந்து சிரிக்கிறார்கள். அங்கேயே முடிகிறது.

ஹட்சுவே அக்கா, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, என் நாற்காலியின் கைப்பிடி ஆட, சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “இதே சிரிப்புத்தானே என் அட்டவணைப்படி போட்ட மொத நாளும் வந்திருக்கணும்? என் வரிசையில ஒருத்தரும் சிரிக்கலியே” என்றார்.

நான் சொன்னேன், “யாருக்கும் அவனைத் தெரியாத நேரத்துல நீங்க வெச்சீங்க. தெரியாத ஆளு வழுக்கி விழுந்தா அது விபத்து. இருபத்தஞ்சு பகுதி கூடவே இருந்து, செத்துப்போனதையும் பாத்த ஆளு வழுக்கி விழுந்தாத்தான் சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, “ஹட்சுவே கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தீர்மானத்தை வேற எழுதிட்டேன்” என்றார். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

பெரியோர்களே, தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். நமக்குப் பிரியமானவர்களை நாம் எப்படி நினைக்கிறோம்? பிறந்த தேதியில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம் முடித்து, வரிசையில் வந்தா நினைக்கிறோம்? அவர் போன நாள் முதலில் வரும். அடுத்து அவர் போட்ட சண்டை வரும். அதற்கு நடுவே, என்றோ ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரயிலேறியது வரும். நினைப்பு அட்டவணை பார்த்தா வருகிறது? அன்பு தண்டவாளத்திலா ஓடுகிறது? சாவைக் கடைசியில் வைத்தது காலம். அதை முதலில் வைத்துவிட்டுச் சிரிப்பைக் கடைசியில் வைத்தது மனிதன். இந்த அடிதடிக்கு நடுவே, இந்த அமளிக்கு நடுவே, அந்தக் கோணல் வரிசைக்காகத்தான் நான் இந்தத் தொடரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன்.

ஆகவே கேட்கிறேன். படைத்தவர்கள் போட்ட அதே வரிசையில், சனிக்கிழமைதோறும், மறுபடி இந்தக் கூடத்தில் காட்டலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

எல்லாக் கையும் மேலே இருக்கிறது. உசாமி சான் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார், ஒன்று போதும். தலைவர் மட்டும் தூக்கவில்லை. தலைமை வகிப்பவர் வாக்களிக்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். நான் என்ன செய்ய?

பொறுங்கள். ஜன்னலோரம் ஹட்சுவே அக்கா எழுந்திருக்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவர் ஏதோ சொல்கிறார்.

“ஏங்க. அந்தப் புஸ்தகத்தை மூடிட்டு, கையைத் தூக்குங்க.”

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்கள்தானே? பலகையில் இல்லை, பதினெட்டு வீடு சுற்றி இல்லை, நேருக்கு நேர்.

தலைவர் புத்தகத்தை மூடிவிட்டார். கை மேலே போகிறது. இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசியிருக்கிறேன், அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பொறுமையோடு இருந்த சபைக்கும், என்னை மன்னிக்கப்போகிற தலைவருக்கும், வாய் திறந்த அக்காவுக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும் காணிக்கையாக்கி, இறங்கிக்கொள்கிறேன்.