ஸ்பூன் காய்ந்த பிறகு

சின்னக் கார் மாடல்களை ஒட்டிச் செய்கிறவர்கள், பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று காரைத் தொட்டுப் பார்ப்பதில்லை, சார். அதே பெயின்ட்டைப் பழைய ஸ்பூன் ஒன்றில் அடித்துப் பக்கத்தில் வைத்திருப்போம். ஸ்பூனைத் தொட்டால் போதும். என் அக்கா வீட்டுக்காரருக்கு இது தெரியாது.

இந்தக் காரின் பாகங்கள் இருந்த பெட்டியை வாங்க வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார். உள்ளே காரின் கூரை வளைந்திருந்தது. கதவுக்கு மேலே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெந்நீரில் காட்டி நிமிர்த்தினேன். இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி தேய்த்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்கே போனது. கடைசியில் கருஞ்சிவப்பு அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா நேராக மேஜைக்குப் போய், கூரையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன் மச்சான், கோச்சுக்காத. கல்யாணம் பண்ற வயசுல பொம்மைக் கார் வச்சு விளையாடுறியே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கூரையில் அவருடைய ரேகை கோடு கோடாகத் தெரிந்தது.

ஆனால் அக்காவுக்காகத்தான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாமா அவளையும் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவார். அவள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனிக் கம்பி அடியில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது.

"வெல்டரைக் கூப்பிடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுடா."

"நான் பாத்துக்கறேன்க்கா."

துருவைச் சுரண்டினேன். மிச்சமிருந்த நல்ல இரும்பையும் முக்கால்வாசி அறுத்தேன். அப்புறம் பட்டி, தேய்ப்பு, பெயின்ட். காருக்குச் செய்த அதே வேலைதான். அக்கா வந்து பார்த்து, "புதுசு மாதிரி இருக்குடா" என்றாள். அவள் தினமும் அந்தக் கம்பியில் சாய்ந்துதான் துணி காயப்போடுவாள். காயும்வரை அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவைத்தேன், பெயின்ட் கெட்டுவிடும் என்று.

ஸ்பூன் காய்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனேன். ரேகையைத் தேய்த்து எடுத்துக் கூரைக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்தேன்.

"மாமா, வெளிச்சத்துல வந்து பாருங்க."

பால்கனிக்கு வந்தார். காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லையே மச்சான், தேறிட்ட" என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போலக் கம்பியில் சாய்ந்தார்.

அதற்கு முன்பே காரைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அக்கா கத்திக்கொண்டே என் பின்னால் படியிறங்கி ஓடி வந்தாள். கீழே மாமாவுக்கு இன்னும் மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் புல்லில் கிடந்த காரை எடுத்தேன். ஒரு கண்ணாடிதான் உடைந்திருந்தது.

அது இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. தூக்குகிறவர்களை அடியில் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், சார். கூரையில் யாரும் விரல் வைக்க வேண்டாம்.