டப்பாவுக்கு அடியில் கிடந்த ஒன்பதாம் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, பழைய கணினி விளையாட்டுகளைப் பாதுகாக்கும் சங்கத்துப் பிள்ளைகளே, உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் மூத்த பேத்தி கடல் வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் அதிகாரி. பேரன் வக்கீல், போன மாதம் முதல் வழக்கிலேயே ஜெயித்தான். கடைக்குட்டிப் பேத்தி மொழிபெயர்ப்புக்குப் பரிசு வாங்கியிருக்கிறாள். இரங்கல் கூட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காரணம் இருக்கிறது. இவர்கள் மூவரையும் எழுத்து விளையாட்டின் முன்னால் உட்கார வைத்தவர் யார்? என் கொழுந்தனார், தொலைபேசி மெக்கானிக், நீங்கள் அன்போடு அழைத்த டிஸ்க் ஐயா.

அந்த விளையாட்டில் படமும் இல்லை, பாட்டும் இல்லை. 'குகை வாசலில் நிற்கிறாய்' என்று திரையில் எழுத்து வரும். 'வடக்கே போ', 'கதவைத் திற' என்று நாம் தட்ட வேண்டும். மூத்தவள் தாளில் வழி வரைந்தாள். பேரன் பூதத்தோடு வாதாடினான். கடைக்குட்டி எனக்குத் தமிழில் சொன்னாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆங்கில எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது.

பூஞ்சை பிடித்த டிஸ்குகளைத் துடைத்துத் துடைத்து இருநூற்றுப் பதினேழு விளையாட்டுகளை மீட்டார் டிஸ்க் ஐயா. ஒன்று மட்டும் திறக்கவில்லை. 'கூட வந்த புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம், மூன்றாம் வரி, முதல் சொல் என்ன?' என்று கேட்டு நின்றுவிடும். திருட்டு நகலைத் தடுக்க அந்தக் காலத்தில் போட்ட பூட்டு அது. புத்தகமோ வீடு மாறியபோது காணாமல் போனது. உடைத்துத் திறக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கேட்டாரா? "பூட்ட உடைக்கிறதுக்கா இத்தனை வருஷம் காப்பாத்தினேன்? சாவியத் தேடுங்கப்பா" என்றார். பதினோரு வருடம் தேடினார்.

போன மாதம், அவருக்கு இனி சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறவுகள் வருவார்கள் என்று சமையலறை அலமாரியைத் துடைத்தேன். டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த தாளைத் திருப்பினால், பூதத்தின் படம், மூலையில் 9 என்று எண்! கடைக்குட்டி அந்தப் படத்துக்குப் பயந்தாள் என்று, அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக் குப்புற விரித்தது யார்? நான்தான். அந்த அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தபடி, "எங்க போச்சுன்னே தெரியல அண்ணி" என்று அவர் புலம்புவார். "நல்லாத் தேடுங்க தம்பி" என்று, நான் விரித்த தாள்தான் அது என்று தெரியாமல், நானும் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த கடைக்குட்டிக்குப் போன் போட்டேன். அவர் மடியில் கணினியை வைத்தாள். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"எல், ஏ, என், டி..."

"அப்புறம் அண்ணி?"

"அப்புறம் எண்ணெய், தம்பி. கறை மூடிருச்சு."

போனில் விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"போதும் அண்ணி. லாந்தர்தான். கதவு திறந்துருச்சு."

"நான்தான் தம்பி அத விரிச்சு வச்சேன்."

"விரிக்காம இருந்தா பழைய பேப்பர்காரன் கொண்டு போயிருப்பான். பதினோரு வருஷம் டப்பா வச்சுக் காவல் காத்திருக்கீங்க. உங்களையும் சங்கத்துல சேத்துக்கிறேன்."

மூன்றே நாளில் கடைசி அறை வரை போய்விட்டார். "முடிச்சுட்டேன் அண்ணி" என்றார். ஐந்தாம் நாள் போனார். அவர் போன பிறகு நான் அந்தத் தாளைத் திருப்பியிருந்தால்? அப்படி நடக்கவில்லை. அதனால்தான் இன்று அழாமல் நிற்கிறேன்.

இருநூற்றுப் பதினெட்டையும் யாரும் எங்கிருந்தும் விளையாடும்படி கடைக்குட்டி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நானும் சங்கத்து ஆள். என் வேலை, உங்கள் ஒவ்வொருவர் வீட்டு அலமாரித் தாளையும் திருப்பிப் பார்ப்பது. டப்பாக்களை இறக்கி வையுங்கள், வருகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம், தலைவரே. சங்கத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய அலுவலக அட்டைப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். யாரோ திட்டியதுபோல முறைக்கிறார். கதவு திறந்த அன்று கடைக்குட்டி ஒரு படம் எடுத்தாள். தலை கலைந்திருக்கும், மூக்கில் குழாய் இருக்கும், கண் நம்மைப் பார்க்காது, திரையைப் பார்த்துச் சிரிக்கும். அதைப் போடுங்கள்.