கதவில கொழுவின சேட்டு

...ஒரு சேட்டு, ராத்தா. ஒரே ஒரு சேட்டு. போட்டுக் கழட்டினதைக் கதவில கொழுவாம ஆணியில கொழுவுங்க எண்டு சொன்னதுக்கு ஒரு ஆம்பிள கோவிச்சுக்கிட்டுத் தாய்ட வீட்ட போறதா? நீங்களே நியாயம் சொல்லுங்க. கதவுக்கும் ஆணிக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டு எட்டு. அந்த மனிசன் சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கி மேல ஏணியில ஏறி இறங்கி வேலை செய்யிறவர். நிமிர்ந்து பார்த்தா நமக்குத் தலை சுத்தும். அதில ஏற ஏலும். ஆணி மட்டும் தூரம்.

உங்கட கூடையைக் கொஞ்சம் இஞ்சால இழுத்து வைங்க, தண்ணி தெறிக்கும். குடாவுக்குள்ள போனா இந்த லோஞ்சு இன்னும் ஆடும். நீங்க மூதூர்தானே? பார்த்தவுடன நினைச்சன். நான் இஞ்ச திருகோணமலைதான், ஜமாலியா. றுக்கியா எண்டு பேர். அவர் உங்கட ஊர். முத்தலிப் எண்டா தெரியுமா... தெரியாட்டி நல்லம். இவ மகள் லைலா. நாலு வயசு. வாங்கில ஏறி இருக்க முந்தி செருப்பைக் கழட்டிச் சோடியாக்கி வச்சா, கண்டீங்கதானே? அதை ஆர் பழக்கின? வாப்பாவா?

வெள்ளிக்கிழமை போனவர். இண்டைக்குச் செவ்வாய். நான் கூப்பிட்டுக்கிட்டுப் போக வரல்ல, அதை முதல்ல சொல்லிப் போடுறன். நான் சும்மா கடல்காத்து வாங்க வந்தனான். ஓம், உச்சி வெயிலில. ஆனா உங்களுக்கும் தெரியும்தானே நம்மட ஊர்க் கதை. மாப்பிள ஒரு கிழமை தாய்ட வீட்டில நிண்டா, அடுத்த ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் பெரியாக்கள் நாலு பேர் வந்து கதிரையில இருந்து "என்ன புள்ள, என்ன பிரச்சினை" எண்டு கேப்பாங்க. அதுக்குள்ள அவர் வந்திரணும். பெரியாக்கள் வந்து கேட்டாங்களெண்டா, அதுக்குப் பிறகு அது வீட்டுக் கதை இல்ல. வராட்டி... வராட்டி என்ன, வராம இருக்கட்டும். எனக்கென்ன.

எல்லாத்துக்கும் அந்த ரேடியோதான். நான் குசினியில மீன் கழுவிக்கிட்டிருக்கக்குள்ள ஒரு அம்மா கதைச்சா. என்ன குரல் அது, சீனி போட்ட மாதிரி. வீட்டை ஒரே நாளில துப்பரவாக்கப் பார்க்க வேணாமாம், அது நாலு நாளில பழையபடி ஆகிடுமாம். ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னப் பழக்கம் ஒண்டு ரெண்டு பழகிக்கொண்டா போதுமாம். ஒழும்பின உடன பாயைச் சுருட்டு. தேத்தண்ணி குடிச்ச கையோட கோப்பையைக் கழுவு. பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்கு முந்தி ஒருக்கா வீட்டைச் சுத்தி வந்து, பாவிக்காத சாமான் என்ன கிடந்தாலும் எடுத்து உள்ளுக்கு வை. வீடு தன்னால ஒழுங்காகிடும் எண்டா. எல்லாம் நல்லாத்தான் சொன்னா. அவட வீட்டில புருசன் ஒருத்தர் இருக்கிறாரா எண்டு மட்டும் சொல்லல்ல.

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள்தான், ஆனா சொன்னதைப் பிடிச்சா விட மாட்டன். அண்டைக்கே தொடங்கினன். பிள்ளை ரெண்டு நாளில பழகிட்டா. எங்களோட இருக்கிற என்ட உம்மா கூடப் பழகிட்டா, வெத்திலை துப்புற படிக்கத்தைத் தானே கழுவி வைக்கிறா. இவர் பழகிறாரா? சாரனை அவுத்தா எப்பிடி அவுப்பார் தெரியுமா? நிண்ட இடத்திலயே விட்டுட்டு, காலை எடுத்து வெளியில வச்சிட்டுப் போயிடுவார். அது வட்டமாக் கிடக்கும், கிணத்துக்கட்டு மாதிரி. தண்ணி ஒண்டுதான் குறை. சேட்டு கதவில. துவாய் கதிரையில. சவரக்கத்தி ஜன்னலில. தூண்டில் முள்ளை எங்க வைப்பார் எண்டு சொல்லுங்க பார்ப்பம். தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள. வேலையால வந்து, இருட்ட முந்திப் பாலத்தடியில போய்க் கொஞ்ச நேரம் தூண்டில் போடுறது அவருக்கு ஒரு விசர். மீன் பிடிச்சுக்கிட்டு வந்தாலும் பரவால்ல. முள்ளைத்தான் பிடிச்சுக்கிட்டு வாற.

நான் ஒண்டும் கத்தல்ல ராத்தா. சண்டை பிடிக்கிற ஆள் இல்ல நான், கேட்டுப் பாருங்க எங்கட தெருவில. அழகாக் கதவுக்கு அங்கால சுவரில ஒரு ஆணி அறைஞ்சு குடுத்தன், சேட்டுக்கு. ஒரு பிஸ்கட் டின் குடுத்தன், கத்தி, முள்ளு, டோர்ச்சு, சிகரட், எல்லாத்துக்கும். அந்த டின்னைக் கட்டிலுக்குக் கீழ தள்ளி வச்சன், கண்ணில படாம. சாரனை மடிச்சு என்ட சீலைகளுக்குக் கீழ. சப்பாத்து வெளியில, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில. எண்ணெய் நாறுதுதானே. அவர் தேடுவார், "றுக்கியா, என்ட கத்தி எங்க?" எண்டு. டின்னில. "றுக்கியா, டோர்ச்சு எங்க?" டின்னில. ஒரு நாள் குனிஞ்சு டின்னை இழுத்து எடுத்து, மூடியைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்தார். என்ன தேடுறீங்க எண்டு கேட்டன். "ஒண்டும் இல்ல, நான் இதுக்குள்ள இருக்கிறனா எண்டு பார்த்தன்" எண்டார். நான் சிரிச்சுப் போட்டன். பகிடி எண்டு நினைச்சனான்.

பக்கத்து வீட்டுத் தங்கேஸ்வரி அக்கா வந்தா, ஒரு முட்டை கேட்டு. வாசலில நிண்டு எட்டிப் பார்த்துட்டுச் சொல்றா, "என்னடி றுக்கியா, இந்த வீட்டில ஒரு ஆம்பிள இருக்கிற மாதிரியே தெரியேல்ல" எண்டு. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். முட்டை ஒண்டு கேட்டவவுக்கு ரெண்டு குடுத்தனுப்பினன். ராவைக்குச் சோறு போட்டுக்கிட்டே இவருக்கும் சொன்னன், அக்கா இப்பிடிச் சொன்னா எண்டு. பெருமையாத்தானே சொன்ன. அவர் பாதிச் சோத்தோட கையைக் கழுவிட்டு ஒழும்பிட்டார். சோத்துக் கோப்பையைக் கழுவவும் இல்ல.

நீங்க என்ன, அங்கால போய் இருக்கப் போறீங்களா? அங்க புகை அடிக்கும், இஞ்சயே இருங்க. இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

வெள்ளிக்கிழமைக் கதைக்கு வாறன். ஜும்மா முடிஞ்சு இவர் வாறார், கூட ஸுஹைர் நானா. இவரோட தாங்கியில வேலை செய்யிறவர். வெயில்தானே, வந்த உடன சேட்டைக் கழட்டினார். கதவில போட்டார். ஆணி ஒரு பக்கம் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிது, இவர் கதவில போடுறார். நான் இவருக்குச் சொன்னன், மச்சான், ஆணி இருக்கு. "இருக்கட்டும்" எண்டார். மச்சான், ஆணி. "இருக்கட்டும் புள்ள, இப்ப போறதுதானே." அப்ப நான் ஒரு கதை சொன்னன். அவர் போயிட்டார். அவ்வளவுதான்.

என்ன கதையா? ஒண்டும் இல்ல, சும்மா ஒரு கதை. புருசன் பொஞ்சாதி எண்டா ஆயிரம் இருக்கும்தானே... அங்க பாருங்க, நேவிக் கப்பல் ஒண்டு நிக்கிது. லைலா, பார்த்தியா? சாம்பல் நிறத்தில. அவங்கட கப்பல் எவ்வளவு துப்பரவு. அதில ஆராவது கதவில சேட்டுக் கொழுவுவாங்களா?

சரி, சொல்றன். நீங்க அப்பிடிப் பார்த்தா நான் சொல்லாம என்ன செய்ய. "இது என்ட உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு. இதில இருக்கிறதெண்டா ஒழுங்கா இருங்க" எண்டு சொன்னனான்.

ஓம். ஸுஹைர் நானா இருக்கக்குள்ளதான்.

எனக்குத் தெரியும் ராத்தா. நம்மட பக்கம் எல்லாப் பொம்பிளைக்கும் வீடு தாய்தான் தாற, எல்லா மாப்பிளையும் பொம்பிளைட வீட்டுக்குத்தான் வாற. அந்த ஒரு கதையை மட்டும் ஒருத்தியும் வாய் திறந்து சொல்றல்ல. உம்மா குசினிக்குள்ள இருந்து கேட்டுட்டா. கையில இருந்த அகப்பை கீழ விழுந்தது, அதை எடுத்துக் கழுவக்கூட அவவுக்கு ஞாபகம் வரல்ல. ஸுஹைர் நானா தேத்தண்ணியைக் குடிக்கவும் ஏலாம வைக்கவும் ஏலாம இருந்தார். இவர் ஒழும்பினார். கதவிலிருந்து சேட்டை எடுத்தார். ஆணியில கொழுவப் போறார் எண்டு நினைச்சன். நெஞ்சில கைய வச்சுச் சொல்றன், கடைசியில பழகிட்டார் எண்டுதான் நினைச்சன். அவர் அதைப் போட்டுக்கிட்டு, பொத்தானைப் பூட்டிக்கிட்டு, இறங்கிப் போயிட்டார்.

அதுக்குப் பிறகு வீடு எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறீங்களா? கண்ணாடி. அந்த ரேடியோ அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டலாம். சாரன் கிடக்கல்ல. கத்தி கிடக்கல்ல. மஃரிபுக்கு முந்திச் சுத்தி வந்தா எடுத்து வைக்க ஒண்டும் இல்ல. நான் சும்மா கதிரையை இஞ்சால இழுத்து, பிறகு அங்கால இழுத்து வச்சுக்கிட்டிருக்கன், பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதெண்டு.

இண்டைக்குக் காலையில பாய் சுருட்டிக்கிட்டிருக்கன். திரும்பிப் பார்த்தா இவ, வாப்பாட தலகணியைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போறா. அவவை விடப் பெரிசு அது. அலுமாரியைத் திறந்து, அடித்தட்டில திணிச்சு, கதவையும் சாத்தினா. என்ன மகள் செய்யிற எண்டு கேட்டன். "பாவிக்காத சாமான் வெளியில கிடக்கப்படாதுதானே உம்மா" எண்டா. அழவும் இல்ல, ஒண்டும் இல்ல. கையைத் தட்டிக்கிட்டு முகம் கழுவப் போயிட்டா.

நான் அடுப்பில பானை வச்சது வச்சபடி, உம்மாட்டச் சொல்லாம, சீலையை மாத்திக்கிட்டு வந்து லோஞ்சில ஏறினன். பாயும் பாதி சுருட்டினபடி கிடக்கு.

மாமிட வாசலில போய் நிக்க எனக்கு ஏலாது ராத்தா. அவ ஒண்டும் சொல்ல மாட்டா, கதிரை எடுத்துப் போடுவா. அதுதான் பயம். ஆனா அவருக்கு இண்டைக்குப் பின்னேர வேலை. இந்த லோஞ்சு திரும்பிப் போகக்குள்ள இதிலதான் ஏறணும், வேற லோஞ்சு இல்ல. ஏறினா நடுக்கடலில கோவிச்சுக்கிட்டு எங்க போறது? என்ட கதை முழுக்கக் கேட்டுத்தான் ஆகணும். நீங்க கேட்ட மாதிரி.

என்ன சொல்லுவன் எண்டு யோசிச்சு வச்சிருக்கன். கதவில கொழுவட்டும். ஒரு சேட்டு. ரெண்டு எண்டாலும் சரி. கதிரை வேணாம், ஆக்கள் வந்தா இருக்கிற இடம்... சரி, ஆக்கள் இல்லாட்டிக் கதிரையிலயும் போடட்டும். கத்தி ஜன்னலில இருக்கலாம். முள்ளு மட்டும் கோப்பைக்குள்ள வேணாம், அதில நான் விட்டுக்குடுக்கேலாது, பிள்ளை இருக்கிற வீடு. மறுகா, அந்த வீட்டுக் கதையை... அதை எப்பிடித் திருப்பி எடுக்கிற எண்டுதான் தெரியல்ல. மத்த எல்லாத்துக்கும் எனக்கு வாய் இருக்கு, அதுக்கு மட்டும் இல்ல. ஸுஹைர் நானாவையும் கூப்பிட்டு வச்சு, அவர் முன்னாலதான் சொல்லணும். அவர் முன்னால சொன்னதுதானே.

மூதூர் இறங்குதுறை தெரியுது. அந்தா நிக்கிறார், அந்தக் கம்பத்தடியில. அவர்தான். லைலா, சத்தம் போடாத, அவர் இன்னும் பார்க்கல்ல. தாய்ட வீட்டில நல்லாச் சாப்பிட்டிருப்பார் எண்டு பார்த்தா, கன்னம் ஒட்டிப் போய் நிக்கிறார். சவரம் செய்யவும் இல்ல. எப்பிடிச் செய்யிற, கத்தி டின்னிலதானே கிடக்கு.

ராத்தா, கோவிக்க வேணாம், நீங்க முதல்ல இறங்கிடுங்க. நான் இறங்கல்ல. ஒழும்பக்குள்ள என்ட இந்தப் பையை உங்கட இடத்தில வச்சிடுங்க, இல்லாட்டி வேற ஆரும் வந்து இருந்திடுவாங்க. அவர் வந்து, இதில ஆரும் இருக்கிறாங்களா எண்டு கேட்டா நான் பையை எடுப்பன். கேக்காட்டியும் எடுப்பன்.