சிந்துஜா, ஆடு!

விழாத் தலைமையை விரும்பி ஏற்று, என் பெயரை அழைத்த கணத்திலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே! மேடேறி வந்த மூச்சு இன்னும் இறங்காமல் முன்வரிசைக் கதிரைகளில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மழைக்கும் அஞ்சாமல், என் பேச்சுக்கும் அஞ்சாமல் வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸிலும் தெல்தெனியவிலிருந்து வேனிலும் வந்து குவிந்திருக்கும் ஊடகப் பணிக்குழு இளைஞர்களே, இளநங்கையரே! ஒலிவாங்கியை மூன்று முறை கீழே இறக்கி, என் உயரம் எவ்வளவு என்பதை ஊரறியச் செய்த ஒலி அமைப்பாளரே! உங்கள் அனைவருக்கும் அந்தோனிமுத்துவின் அன்பு கலந்த, அடக்கம் கலந்த, இப்போதுதான் குடித்த இஞ்சித் தேநீர் கலந்த வணக்கம்!

எனக்குத் தந்த தலைப்பு, "திருச்சபைக் காணொளிகளுக்கான உந்துதலை எங்கே தேடுவது?" எனக்குத் தந்த நேரம், பன்னிரண்டு நிமிடம். இருபத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்குப் பன்னிரண்டு நிமிடமா? நான் தொண்டையைச் செருமவே நாலு நிமிடம் போகுமே! சிரியுங்கள், சிரியுங்கள், அந்த நேரத்தையும் என் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

எங்கே தேடுவது? எங்கே தேடுவது? ஐயா, நாங்கள் எங்கேதான் தேடவில்லை? இணையத்தில் தேடினோம். எங்கோ தொலைதூரத் தேசத்தில் பச்சைப் புல்வெளி, பஞ்சு மேகம், பல்லழகோடு சிரிக்கும் ஆயன், அவன் பின்னே பவ்வியமாக நடந்துவரும் ஆடுகள். அடடா, என்ன ஒழுங்கு, என்ன ஒளி! அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கினோம். அதைப் போலவே ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று எழுந்தோம். எழுந்தவர்கள் எப்படி விழுந்தோம் என்பதுதான் இன்றைய என் உரை.

இந்த வருடம் நல்லாயன் ஞாயிறுக்கு ஒரு நிமிடக் காணொளி வேண்டும் என்று பங்குத்தந்தை பணித்தார். கதை தெரிந்ததுதான். நூறு ஆட்டில் ஒன்று தொலைகிறது. ஆயன் மற்றவற்றை விட்டுவிட்டுத் தேடிப் போகிறான், கண்டுபிடித்துத் தோளில் சுமந்து வருகிறான். எங்களுக்கு வேண்டியது ஓர் ஆயன், ஓர் ஆடு, ஒரு கெமரா. மீதித் தொண்ணூற்றொன்பதையும் பார்ப்பவர்களின் விசுவாசத்துக்கு விட்டுவிட்டோம்.

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் கிளைவுக்கு இயல்பிலேயே தாடி. ஜெஸ்மினிடம் சொந்தக் கெமரா. தாதியர் பயிற்சியில் இருக்கும் சிந்துஜாவின் பக்கத்து வீட்டில் ஓர் ஆடு உண்டு, அதைப் பிடித்துவருவது அவள் பொறுப்பு. சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் வித்தகன் அல்லவா நான்? வட்ஸ்அப்பில் ஒரே வரியில் செய்தி அனுப்பினேன். "கிளைவ், மேய்ப்பன். ஜெஸ்மின், கெமரா. சிந்துஜா, ஆடு!"

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அம்பிட்டிய மேட்டிலே கூடுகிறோம். கிளைவ் வந்தார், ஜன்னல் திரைச்சீலையில் தைத்த அங்கியோடு. ஜெஸ்மின் வந்தாள், கெமராவோடு. சிந்துஜாவும் வந்தாள். எப்படி வந்தாள்? பட்டுடுத்தி, பூ முடித்து, மை தீட்டி, காலிலே சலங்கை கட்டி, சல் சல் என்று வந்தாள்!

"ஆடு எங்கம்மா?" என்றேன்.

"பாட்டப் போடுங்க சேர், ஆடுறேன்" என்றாள்.

தமிழாசிரியனின் காற்புள்ளி தமிழாசிரியனையே கவிழ்த்துவிட்டது, பார்த்தீர்களா! "ஆடுன்னு சொன்னது ஆட்டம்மா" என்றேன். "ஆட்டந்தான் சேர், அதான் சலங்கை" என்றாள். இருபத்தேழு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த நான், கடைசியில் "மே" என்று கத்திக் காட்டினேன்.

பிறகு அந்தப் பட்டுச் சேலையோடேயே எங்கள் மூவரையும் அழைத்துப்போய், பக்கத்து வீட்டுக் கமலம் அம்மாவிடம் நிறுத்தினாள். கமலம் அம்மா கோயிலுக்குப் போகிறவர், நம் தேவாலயப் படியை அதுவரை மிதித்தவர் அல்லர். கணவர் காலமாகி ஐந்து வருடம். ஒரே மகள் வெளிநாட்டில். ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கேட்டா குடுக்காம இருப்பேனா சேர்? ஆனா பத்திரம். வீட்டுல நான் வாயத் தொறந்து பேசுறது இது ஒண்ணுகிட்டதான்."

நான் சும்மா இருந்தேனா? "அம்மா! பகல் இரண்டு மணிக்கு இந்தக் கயிற்றை உங்கள் கையிலே தருவேன், இது என் தமிழ்மேல் ஆணை!" என்று முழங்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தது ஒரு பார்வை. ஆட்டைத் தந்தது அதற்குப் பிறகும்தான்.

ஆட்டின் பெயரைக் கேட்டேன். "டீச்சர்" என்றார். ஏனம்மா என்றேன். "நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்கும் சேர்." மேபல் டீச்சர், என்னை முறைக்காதீர்கள், பெயர் வைத்தது நானல்ல.

மறைக்கல்வி ஆசிரியையான நம் மேபல் டீச்சர் படப்பிடிப்புக்கு வந்து, ஆட்டைக் கண்டதும் கொதித்துவிட்டார். "இது வெள்ளாடு! வெள்ளாடெல்லாம் கடைசித் தீர்ப்பு நாள்ல, பாவிகளோட, இடது பக்கம் நிக்கிறது. அதத் தூக்கி ஆண்டவர் தோள்ல போடுவீங்களா? செம்மறி வேணும் சேர், செம்மறி!"

செம்மறிக்கு நான் எங்கே போவேன்? கண்டியிலே யானை கேளுங்கள், கொண்டுவரலாம். குரங்கு கேளாமலே வரும். செம்மறி எங்கே இருக்கிறது? அப்போது மேபல் டீச்சரே வழியும் சொன்னார். வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து கிழித்தார். கோதுமை மாவில் பசை காய்ச்சினார். பஞ்சை ஒட்டு ஒட்டென்று ஒட்டினோம். முன்னால் நாங்கள் ஒட்ட ஒட்ட, பின்னால் டீச்சர் பசையை நக்க நக்க... நான் சொல்வது ஆட்டை, டீச்சர்! ஒரு மணிநேரத்தில் வெள்ளாடு செம்மறியாயிற்று. கிளைவ் தும்மத் தொடங்கினார். வேலை முடிந்த திருப்தியில் மேபல் டீச்சரும் வீட்டுக்குப் போனார்.

ஜெஸ்மின் "அக்‌ஷன்" என்றாள். ஆடு அசையவில்லை. "சேர், நான் கொஞ்சம் உற்சாகப்படுத்தவா?" என்று கேட்ட சிந்துஜா, அதன் காதருகே சலங்கைக் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். சல்!

ஆடு என்றால் ஆடா? அம்பு! கயிற்றைப் பறித்துக்கொண்டு, பஞ்சைப் பறக்கவிட்டுக்கொண்டு, பாய்ந்தது பாருங்கள்!

ஓடினோம். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளைவ் முன்னே, சலங்கையோடு சிந்துஜா பின்னே, ஓடிக்கொண்டிருக்கும் கெமராவை நிறுத்தவும் மறந்து ஜெஸ்மின் அதன் பின்னே, என் சர்க்கரையையும் சுமந்துகொண்டு நான் எல்லோருக்கும் பின்னே. எல்லோர் வாயிலும் ஒரே கூக்குரல்: "டீச்சர்! டீச்சர்!" பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். இயேசுநாதர் எந்த ஆசிரியையைத் துரத்துகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

சந்தியில் ஸைத் நானாவின் பலசரக்குக் கடை. மூச்சிரைக்கக் கேட்டேன்: "நானா, டீச்சரப் பாத்தீங்களா?"

"எந்த டீச்சர் சேர்? மூணு டீச்சர்மார் இப்பதான் பஸ் ஏறினாங்க."

"நாலு கால் டீச்சர், நானா. தாடி இருக்கும்."

அவர் கிளைவை மேலும் கீழும் பார்த்தார். "தாடி உள்ளவர் ஒங்கட பக்கத்துலயே நிக்கிறாரே?" என்றார். பிறகு யோசித்து, "பஞ்சு மூட்டை ஒண்டு அந்த மேட்டால ஏறி ஓடினிச்சி, அதுவா?" என்று கைகாட்டினார்.

ஏறினோம். பைன் காட்டுக்குள் ஏறினோம். அங்கொரு துண்டு பஞ்சு, இங்கொரு துண்டு பஞ்சு, பிறகு பஞ்சும் இல்லை. மழை பிடித்தது. மூடுபனி இறங்கியது. வந்த வழி எது, போகும் வழி எது? கையில் நான்கு போன், ஒன்றிலும் சிக்னல் இல்லை. அந்த நேரத்தில் கிளைவ் அலறினார்: "சேர், இயேசுநாதருக்கு அட்டை கடிக்குது சேர்!"

மணி இரண்டு. மணி இரண்டரை. மூன்று. நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு போய் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவர் பேசுவதற்கு இருந்த ஒரே துணையை, ஒரு நிமிடக் காணொளிக்காகத் தொலைத்துவிட்டேனே! ஆணையிட்டேனே, அதுவும் தமிழ்மேல் ஆணையிட்டேனே!

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சேர்! சேரூ! சிந்துஜா! ஏ கெமராப் புள்ள! ஏசுத் தம்பீ!"

கமலம் அம்மா! ஒரு கையில் உடைந்த குடை, மறு கையில் பால் கறக்கும் வாளியைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு குச்சியால் டங் டங் என்று தட்டிக்கொண்டு, அந்தச் சறுக்கலில் செருப்பில்லாமல் ஏறி வருகிறார். நான் ஓடிப்போய்க் கைகூப்பினேன். "அம்மா, மன்னிச்சிருங்க, ஆடு தொலைஞ்சிருச்சு" என்றேன்.

"ஆடு எங்க தொலையும்? அது ஒண்ணரைக்கே வீட்டுக்கு வந்து, ஒடம்புல பாதிப் பஞ்சத் தின்னுட்டுப் படுத்திருக்கு" என்றார்.

"பிறகு ஏம்மா இந்த மழையில வந்தீங்க?"

அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? ஐயா, நேரம் முடிந்ததென்று மணி அடிப்பவரே, அந்த மணியை ஒரு நிமிடம் கீழே வையுங்கள்! என்ன சொன்னார் தெரியுமா?

"எண்ணிப் பாத்தேன் சேர். போனது ஒரு ஆடும் நாலு மனுசங்களும். வந்தது ஆடு மட்டும்."

கைதட்டல் எனக்கு வேண்டாம், என்னை விடுங்கள். ஆட்டைக் கொடுத்த வீட்டில் ஆடு வந்து சேர்ந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை ஐயா! தன் பொருள் தன்னிடம் வந்த பிறகும், முந்தின நாள் வரை முகம் தெரியாத மூன்று பேரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தவர் யார்? பெயர் தெரியாவிட்டாலும், கெமராப் பிள்ளை என்றும் ஏசுத் தம்பி என்றும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேடியவர் யார்? ஜன்னல் திரைச்சீலையில் அங்கி தைத்து நாங்கள் ஆயனை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஆயனோ, பால் வாளியைத் தட்டிக்கொண்டு எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தார்! செம்மறி வேண்டும் என்று பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தோம். தொலைந்த ஆடுகள் நாங்கள் நாலு பேர், எங்களுக்குப் பஞ்சே தேவைப்படவில்லை!

ஜெஸ்மினின் கெமரா அணையாமல் இருந்தது. படம் முழுக்க மூடுபனி, அவ்வப்போது என் கால். ஆனால் குரல் தெளிவாக இருந்தது. நாற்பத்தொரு வினாடி. இசை சேர்க்கவில்லை, எழுத்துப் போடவில்லை. ஞாயிறன்று அதைத்தான் திரையில் போட்டோம். "ஏசுத் தம்பீ" என்று கேட்டதும் தேவாலயமே குலுங்கிச் சிரித்தது. "எண்ணிப் பாத்தேன் சேர்" என்று கேட்டதும் ஒருவரும் சிரிக்கவில்லை. மேபல் டீச்சர் அழுதார். அவர் இல்லை என்பார், அவர் கண்ணைத் துடைத்த லேஞ்சி சாட்சி சொல்லும்.

அன்புக்குரிய இளையோரே! நாம் காணொளி போட்டதும் முதலில் எதை எண்ணுகிறோம்? எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள்! வந்தவர்களை எண்ணுகிறோம், வந்தவர்களை எண்ணுகிறோம், வந்தவர்களையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். வராதவர்களை எண்ணுகிறோமா? மூன்று ஞாயிறாகக் காலியாக இருக்கும் அந்தக் கடைசி வரிசை வாங்கில் யார் இருந்தார் என்று தேடுகிறோமா? உந்துதலை எங்கே தேடுவது என்று கேட்டீர்களே, அங்கே தேடுங்கள்! யார் இன்னும் வந்து சேரவில்லையோ, அவர் வீட்டு வாசலில் போய் நின்று கெமராவைத் திறங்கள். அவர் கதவைத் திறந்தால், கெமராவை மூடிவிட்டு உள்ளே போங்கள்!

கடைசி வரிசையில் கமலம் அம்மா அமர்ந்திருக்கிறார். அழைத்ததும் வந்தார். எழுந்து நிற்கச் சொன்னால் ஆட்டுக்குக் குழை வெட்ட நேரமாகிறது என்று போய்விடுவார், ஆகவே நீங்கள் எழுந்து நில்லுங்கள். எல்லோரும்! மூத்தோர்களும்! அம்மா, உங்களுக்கு எங்கள் நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், மணியைக் கீழே வைத்த நல்லவருக்கும், காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி.

வெளியே மழை வலுக்கிறது. நாவலப்பிட்டிக்காரர்களே, தெல்தெனியக்காரர்களே, கூட வந்த எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். வணக்கம்!