பூட்டாத அறையில் பிறந்த பயம்

நாற்காலி நுனியில் ஊரையே நகர்த்தி அமர்த்திய நல்லவரே! இருட்டைக் காட்டி எங்கள் வீடுகளில் விளக்கேற்றி வைத்த அன்னையே! வசனம் நீண்டால் அதையும், எங்கள் வாய் நீண்டால் அதையும் இரக்கமின்றி வெட்டி எங்களை ஆளாக்கிய படத்தொகுப்பாளரே! சொந்தப் பெயரை நாங்கள் மறந்தே போகும்படி எல்லார்க்கும் 'கத்தரியம்மா'வாகவே விளங்குபவரே! பணி நிறைவு காணும் தங்களுக்கு இப்படநிறுவனத்தார் அனைவரும் கைகூப்பிச் சொல்லும் வணக்கம்.

புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவோம். "நீளமா இருக்கு, பாதியைத் தூக்கு" என்று இம்மடலையும் பார்த்துச் சொல்லக்கூடியவர் தாங்கள். இன்று ஒருநாள் கத்தரி எங்கள் கையில், பொறுத்தருள்க!

பேயில்லை, பிணமில்லை, பெருங்கூச்சலில்லை; ஆயினும் தங்கள் கைபட்ட படத்தைப் பார்த்தவர் எவரும் கட்டிலுக்கடியில் ஒருமுறை குனிந்து பார்க்காமல் படுத்ததில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல், ஆளில்லாத நடைவழியை நாங்களே நெளியும்வரை காட்டுவீர்கள். "யாருமே வரலையேம்மா?" என்று கேட்டால், "வருவாங்கன்னு நீ பார்த்தியா இல்லையா? அது போதும், போ" என்று விரட்டுவீர்கள். ஆகா, எத்தனை பேர் அந்த ஒரு பேச்சைக் கடன்வாங்கிப் பிழைக்கிறோம் தெரியுமா!

தங்கள் அறையில் ஆகாத வார்த்தை ஒன்று உண்டு: "அதை எடிட்டிங்ல பார்த்துக்கலாம்." படப்பிடிப்பில் ஒளி கெட்டாலும் ஒலி கெட்டாலும் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு அது. "எடிட்டிங் என்ன, குப்பைத்தொட்டியா?" என்ற தங்கள் குரல் வண்டி நிறுத்துமிடம்வரை கேட்கும். அதற்காகத் தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இந்த அவையில் ஒருவருமிலர். அந்த வார்த்தையைத் தாங்களே சொன்ன நாளைப் பற்றிச் சொல்லத்தான் இம்மடலை எழுதினோம்.

தன் வீட்டுக்குள் தன்னைத் தவிர வேறு யாரோ இருப்பதாக ஐயுறும் ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. நாயகிக்கு அது முதற்படம். முகத்தில் நிசமான பயம் வேண்டுமென்று, அவளிடம் சொல்லாமலே அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைப் போட்டு உடைக்கச் செய்தார் இயக்குநர். அன்று முழுதும் அந்தப் பெண் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணாங்கன்னா, இந்த வேலையே வேணாம்னு போயிடுவேன்க்கா" என்று ஒப்பனையாளரிடம் அழுதாள். ஒப்பனையாளர் அதைத் தங்களிடம் வந்து சொன்னார். இயக்குநரோ அடுத்த திட்டத்தோடு தங்கள் அறைக்குள் நுழைந்தார். ஒத்திகை என்று அழைத்து, அவளை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டி விளக்கையும் அணைத்துவிட்டால், முகம் தானாகப் பேசும் என்றார். தாங்கள் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னீர்கள்: "அந்தப் பொண்ணை விடுங்க தம்பி. அதை எடிட்டிங்ல பார்த்துக்கலாம்."

பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளருக்குத் தேநீர் புரையேறியது! இயக்குநரும் இலேசில் விடவில்லை. "சரிம்மா. ஆனா பார்க்கிறவங்க பயப்படலைன்னா, என் வழியில திரும்ப எடுப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பூட்டாத அறையில், ஒப்பனையாளரைத் துணைக்கு நிறுத்தி, அவளைச் சும்மா சன்னலைப் பார்க்கச் சொன்னீர்கள். "என்ன நினைச்சுக்கிட்டுப் பார்க்கணும்மா?" என்று கேட்டாள். "மத்தியானம் என்ன சாப்பிடலாம்னு நினை" என்றீர்கள். அவளுக்குப் பின்னால் தெரிந்த கதவை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு விரற்கடை கூடுதலாகத் திறந்து வைக்கச் செய்தீர்கள். பிறகு அந்தப் பசித்த முகத்தை எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குள் புகுந்தீர்கள். முகத்தை வெட்டாமல் நிறுத்தி, நடுநடுவே வெறும் நடைவழியைக் காட்டி, மின்விசிறியின் ஓசையை யாரும் அறியாமல் குறைத்துக் குறைத்து இல்லாமலே ஆக்கினீர்கள்.

சோதனைக் காட்சிக்கு இயக்குநர் யாரை அழைத்து வந்தார்? எந்தப் படத்திலும் பெயர்கள் ஓடி முடியுமுன் குறட்டை விடும் தம் மாமியாரை! அவர் தூங்கினால் அந்தப் பெண்ணுக்குப் பூட்டிய அறை. எங்களில் ஒருவரும் படம் பார்க்கவில்லை. அம்மையாரின் இமையைத்தான் பார்த்தோம். விசிறியின் ஓசை தேய்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து நடைவழி வந்ததும் மருமகன் கையைப் பற்றினார். "மாப்பிள்ளை, அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை!" என்று அரங்கம் அதிரக் கத்தினார். ஏன் சாத்த வேண்டுமென்று பிறகு கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், யாரோ வரப்போறாங்கன்னு தோணுச்சு" என்றார். திரும்ப எடுக்கும் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

தாயே! ஊரைப் பயமுறுத்த ஒருத்தியைப் பயமுறுத்தத் தேவையில்லை என்று வாதாடாமல், செய்தே காட்டினீர்கள். அன்று முதல் நம் நிறுவனத்தில் யாரையும் அழ வைத்து அழுகை எடுப்பதில்லை. தங்களை அனுப்ப எங்களுக்கு மனமே இல்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை. நோயும் நொடியும் வெட்டுப்பட்டு ஒழிய, ஆயுள் மட்டும் வெட்டுப்படாமல் நீள, உண்டும் உறங்கியும் உரக்கத் திட்டியும் நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்
படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, ஒப்பனை, இயக்கம் ஆகிய பிரிவுகளின் பணித்தோழர்கள்

கையொப்பங்களுக்குக் கீழே தமக்கு ஒரு வரி இடம் விடுமாறு அந்த நாயகி கேட்டுக்கொண்டார். அவர் எழுதியதைத் திருத்தாமல் தருகிறோம்:

"மறுநாளும் வேலைக்கு வந்தேன்மா. இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கேன்."