கொடிகாமத்து மூண்டு மைல்

படம் தாறதைப் பற்றிப் பிறகு சொல்லுறன், தம்பி. முதல், நீங்கள் எழுதி வைச்சிருக்கிறது பிழை. தெற்கிலையிருந்து மட்டும் தண்டவாளம் போட்டுக்கொண்டு வரேல்லை. காங்கேசன்துறையிலை கப்பலாலை சாமான் இறக்கி, அங்கையிருந்தும் போட்டவங்கள். சாவகச்சேரி வரைக்கும் ரெயின் ஓடேக்கை வன்னிக்குள்ளை இன்னும் காடு வெட்டிக்கொண்டு நிண்டவங்கள். ஆயிரத்தித் தொளாயிரத்தி ஐஞ்சிலைதான் ரெண்டு பக்கமும் சேந்தது. காய்ச்சலிலை எத்தினை கூலியாக்கள் செத்தவையெண்டு எங்கடை பழைய ஆக்களுக்கும் தெரியாது. அதையும் உங்கடை சங்கத்து மலரிலை போடுங்கோ.

தேத்தண்ணியைக் குடியுங்கோ. நான் நிண்டுகொண்டே கதைக்கிறன், இருந்தா எனக்குக் கால் உளையும். இரண்டரைக்கு வேலைக்கு இறங்க வேணும். பொறுங்கோ, பல்கனிக் கதவைச் சாத்திப்போட்டு வாறன். உது கூட்ஸ் ரெயின், கொஞ்ச நேரம் இழுக்கும். இந்தக் குளிர் தேசத்து டோர்செட் பார்க்கிலை இவ்வளவு பில்டிங் இருக்க ஏன் லைன் கரையிலை வந்து வீடெடுத்தனீங்களெண்டு மனிசி இண்டைக்கும் ஏசிப்போட்டுத்தான் போனவ.

பதினெட்டு வருசம் ரெயில்வேயிலை. பன்னிரண்டு பேருக்கு நான் கங்காணி. கொடிகாமத்துக்குக் கிட்ட மூண்டு மைல் எங்கடை பொறுப்பு. விடிய ஒராள் சுத்தியலும் ஸ்பானரும் கொண்டு நடக்க வேணும். நட்டு இறுகியிருந்தா ஒரு சத்தம், இளகியிருந்தா வேறை சத்தம்.

ஓம், தொண்ணூறு ஆனியிலை சண்டையாலை ரெயின் நிண்டுது. அதுக்குப் பிறகும் நடந்தனான். ஆர் உங்களுக்குச் சொன்னது? சரி, உண்மைதான். சம்பளமுமில்லை, கேக்கிறதுக்கு மேலை ஆளுமில்லை. ரெயின் திரும்பி வரேக்கை லைன் இருக்க வேணுமெல்லே. சனம் குண்டுக்குப் பயந்து வெட்டின பங்கருக்கு மேலை அடுக்க, தண்டவாளத்துக்குக் கீழை கிடக்கிற சிலிப்பர் கட்டையைக் கிளப்பத் தொடங்கீட்டுது. நான் மறிச்சன். மற்ற இடமெல்லாம் கழண்டுபோச்சு, என்ரை மூண்டு மைல் அப்பிடியே கிடந்தது.

அதுக்குத்தான் படம் கேக்கிறியளோ? லைனைக் காத்த ஜெயரட்ணம் எண்டோ? வேண்டாம் தம்பி. இல்லையில்லை, வெக்கத்துக்கில்லை. அந்த ரேப் ரெக்கோடரை நிப்பாட்டுங்கோ, சொல்லுறன்.

குணவதி எண்டு ஒரு பிள்ளை, லைனுக்குப் பக்கத்து வளவு. புருசன் சவூதியிலை. பன்னிரண்டு வயசிலை ஒரு மகள். தாயும் மகளுமா மண்வெட்டியாலை பங்கர் வெட்டினவை. மேலை போட எட்டுச் சிலிப்பர் தாங்கோ அண்ணை எண்டு வந்து கேட்டா. தரேலாது பிள்ளை, அரசாங்கச் சாமான் எண்டன். ரெண்டாந்தரமும் வந்தா, மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெட்டை தண்டவாளத்திலை ஏறி நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டது. கப்பலிலை சாமான் வந்தது, காடு வெட்டினது, கூலியாக்கள் செத்தது எல்லாம் அவவுக்கும் சொன்னன். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட லைன் எண்டு விளங்கப்படுத்தினன். கேட்டுப்போட்டுப் போனா. வளவிலை நிண்ட மாமரத்தைத் தறிச்சு, அந்தக் கொப்புகளைப் போட்டு மண் மூடினவை.

ஒரு மாசம் இருக்கும், பொம்மர் வந்தது. குண்டு அவவின்ரை வளவிலை விழேல்லை, அங்காலை ஒழுங்கையிலை. அந்த அதிர்விலை கொப்பு முறிஞ்சு மண் இறங்கீட்டுது. தாய் கிணத்தடியிலை படுத்திட்டா. பெட்டை மட்டும் பங்கருக்கை. நானும்தான் மண் அள்ளினன். வெளியிலை எடுக்கேக்கை மூச்சில்லை. எஞ்சின் போனாத் தாங்கிற கட்டையள், தம்பி. முப்பது யார் தூரம் தள்ளிக் கிடந்தது.

செத்தவீடு முடிஞ்ச அடுத்த நாள் நானே ஸ்பானரை எடுத்தன். முதல் நட்டுக் கழட்டினது நான்தான். பிறகு மூண்டு மைலும். ஒவ்வொரு வீடா வண்டிலிலை கொண்டுபோய் இறக்கினன். குணவதி வீட்டுக்கும் எட்டுக் கொண்டுபோனன். வைச்சிட்டுப் போங்கோ அண்ணை எண்டா.

இப்பவோ? இஞ்சைதான், சென் ஜேம்ஸ் ரவுணிலை இருக்கிறா. உங்கடை மலர் அவவின்ரை கைக்கும் போகும். போன கிழமை கோயிலிலை கண்டனான், சுகமோ அண்ணை எண்டு அவதான் வந்து கேட்டா.

எழும்பீட்டியளோ? நில்லுங்கோ, நானும் லிப்ற் வரைக்கும் வாறன். படம் போடாதையுங்கோ. தண்டவாளம் கழட்டினது ஆரெண்டு எழுதிற இடத்திலை என்ரை பேரைப் போடுங்கோ. ஓம், முழுப்பேரும்.