இது துப்பாக்கி இல்லை சார்

– பாரு, மறுபடியும் குண்டுங்கற. சாயப் பந்துன்னு சொல்லுடான்னு காலையிலேருந்து தலையில அடிச்சுக்கறேன்.

– வாயில வரமாட்டேங்குதுக்கா. இத்தன வருஷமா குண்டு போடு, குண்டு தீந்துபோச்சு, குண்டு நமத்துப்போச்சுன்னே பேசிட்டு, இன்னிக்குத் திடீர்னு பந்துன்னா நாக்கு வளையுமா?

– வளைச்சுக்க. அந்த ஆபீசர் வர்ற நேரம். துப்பாக்கின்னு சொல்லாத, மார்க்கர். சுட்டான்னு சொல்லாத, சாயம் அடிச்சான். செத்துட்டான்னு சொல்லவே சொல்லாத.

– அவுட்டு.

– அதேதான்.

– வாசல்ல ஆள் உசரத்துக்குப் ‘போர்க்களம்’னு எழுதி, எழுத்துலேருந்து ரத்தம் சொட்டற மாதிரி வரையச் சொன்னது யாரு?

– அது மேல சாக்கு போட்டு மூடியாச்சு.

– கறுப்புத் துப்பாக்கிதான் வேணும், பாத்தா நெசம் மாதிரி இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? அன்னிக்கே சொன்னேன், மஞ்சள் வாங்கலாம்னு.

– மஞ்சளா இருந்தா எவன்டா வருவான்? அதான் இப்ப அடிக்கச் சொல்லிட்டேன்ல, மஞ்சப் பெயிண்ட்டு?

– அடிச்சேன். காயறதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரனுங்க ஆட வந்துட்டானுங்க. எடுத்துக் குடுத்துட்ட. இப்ப எட்டிப் பாரு வெளிய. எல்லாவன் சட்டையிலயும் மஞ்சளு. சாயம் பட்டா அவுட்டு, அதான பெயிண்ட்பால் ஆட்டம்? பட்டது குண்டா, துப்பாக்கில இருந்த பெயிண்ட்டான்னு எவனுக்குத் தெரியும்? விசிலடிக்கற நானே முழிக்கறேன். ரெண்டு பேரு கைகலப்பு வரைக்கும் போயிட்டானுங்க.

– சமாளி.

– என்னத்த சமாளிக்கறது? எதுக்குக்கா இவ்வளவு கூத்து? எவனோ கொல்லப்பக்கம் காக்கா சுடற துப்பாக்கில பக்கத்து வீட்டுக்காரன் கண்ணக் கெடுத்தான். அது ஈயக் குண்டு. நம்மளுது மருந்து மாத்திரை கணக்கா, பட்டா ஒடஞ்சு சாயம் கொட்டிரும். அவனுக்குப் போட்ட சட்டம் நம்ம தலையில ஏன் விடியுது?

– நான் சொல்றதக் கேளு. காத்து அழுத்தத்துல எது எதத் தள்ளினாலும் அது ஏர்கன்னுதான் அந்தச் சட்ட வரைவுல எழுதி வச்சிருக்கான். ஒரு ஆளு, ஒரு லைசென்ஸு, ஒரு துப்பாக்கி. வாங்கினவன் கைய விட்டு அடுத்தவன் கைக்குப் போகக் கூடாது.

– நம்ம தொழிலே அடுத்தவன் கையில குடுக்கறதுதானேக்கா? வாடகை சைக்கிள் கடைக்காரன்கிட்ட, கடைய வச்சுக்க, சைக்கிள மட்டும் வெளிய விடாதன்ன மாதிரில்ல இருக்கு.

– பொம்மைக்கு மட்டும்தான் விலக்கு. இந்த ஆபீசர் ஒவ்வொரு மைதானமாப் பாத்து, இங்க இருக்கறது பொம்மையா ஆயுதமான்னு எழுதி மேல அனுப்பறாரு. பொம்மைன்னு எழுதிட்டா பொழச்சோம். இல்லேன்னா நான் திரும்பவும் கட்டட வேலைக்குப் போயி செங்கல் தூக்கணும். தோள்பட்டை இன்னும் ராத்திரில வலிக்குதுடா. நீ பஞ்சர் கடைக்குப் போகணும். அதனால வாய மூடிக்கிட்டு நான் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லு.

– வரலாமா?

– வாங்க சார், வாங்க. உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம் சார், பெயிண்ட்டு!

– உக்காந்துட்டேனேம்மா.

– டேய், துணி எடு.

– பரவால்ல, விடுங்க. போன எடத்துல நாய் தொரத்துச்சு, அதுக்கு இது தேவல. நீங்கதான் நடத்தறீங்க, அப்படித்தானே? இவரு?

– என் தம்பி சார். மார்க்கர் ரிப்பேரு, சிலிண்டருக்குக் காத்து அடைக்கறது, ஆட்டத்துக்கு நடுவர், எல்லாம் இவன்தான்.

– இதான் அந்தத் துப்பாக்கி, அப்படித்தானே?

– இது துப்பாக்கி இல்ல சார். சாயம் அடிக்கற கருவி. பொம்மைதான் சார், கொஞ்சம் பெரிய பொம்மை.

– நல்லாக் கனக்குதேம்மா. என் பேரன்கிட்ட குடுத்தா பொத்துனு கால்ல போட்டுப்பான். தம்பி, அடிச்சா வலிக்குமா?

– அது வந்து சார்...

– எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சார்.

– எறும்பா?

– நீ சும்மா இருடா.

– சரி, அப்ப வம்பே வேணாம். என் மேல ஒண்ணு அடிங்க. பாத்துட்டு எழுதிட்டுப் போறேன்.

– தாராளமா சார். டேய், சாருக்குத் தொடையில மெதுவா ஒண்ணு.

– மாஸ்க்க மாட்டுங்க சார்.

– தொடையிலதானே தம்பி அடிக்கப் போறீங்க?

– தொடையோ முதுகோ. மூஞ்சி மூடாத ஆளு பக்கம் குழாயத் திருப்ப மாட்டேன்.

– டேய், சார் அவசரத்துல இருக்காரு.

– இருக்கட்டும். மாட்ட ஒரு நிமிஷம் ஆகாது.

– ஒரே ஒண்ணுடா. எனக்காக.

– நீ வேணா வந்து நில்லு, உன் மேலயும் அடிக்க மாட்டேன். இதுல நீ சொல்றத நான் கேக்க முடியாதுக்கா.

– தம்பி, நான் தப்பா எடுத்துக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க. என் பேரன் அவன் பொம்மைய என் மூக்குல வச்சு அழுத்திட்டுத்தான் வெளையாடறான். மொகமூடி இல்லாம கிட்டயே வராதன்னா, நான் அத எந்தக் கணக்குல சேக்கறது?

– சார், ஒரு நிமிஷம். கிரிக்கெட் ஆடறவன் தலையில ஹெல்மெட் மாட்டறான். அதுக்காக அந்தப் பந்த ஆயுதம்னா எழுதுவீங்க? அது கருங்கல்லு மாதிரி இருக்கும். எங்களுது ஜெலட்டின் உருண்ட சார். இவன் அளவுக்கு மீறி ஜாக்கிரதை. சோத்துல கல்லு இருக்கான்னு மூணு தடவ பாத்துட்டுத் திங்கற ஆளு.

– ம்ம். அது ஒரு பாயிண்ட்டுதான். சரி, குடுங்க மாஸ்க்க. இதுக்குள்ள எப்படிம்மா மூச்சு விடறது? ஆச்சு. அடிங்க தம்பி.

– ரெடியா சார்?

– ரெடி. அம்மாடி!

– சார், சார், ஒண்ணுமில்ல, தேச்சு விடுங்க.

– இதாம்மா எறும்பு?

– கட்டெறும்பு சார்.

– நல்லாச் சொன்னீங்க. தொட எரியுது. சாயம் போகுமா?

– தண்ணி பட்டா போயிரும் சார். பின்னாடி இருக்கறதுதான் போகாது, அது எனாமலு.

– தம்பி நல்லாப் பேசறீங்க. உண்மையச் சொல்லட்டுமா? எனக்கே இதுல எரிச்சல்தான். ரெண்டே கட்டம் குடுத்துருக்காங்க. பொம்மை, ஆயுதம். நடுவுல வெளையாட்டுச் சாமான்னு இன்னொரு கட்டம் போடுங்கய்யான்னு கேட்டேன். அதுக்குத் தனியாக் கமிட்டி வைக்கணும், ஒரு வருஷம் ஆகும்ங்கறான். அதுக்குள்ள நீங்கல்லாம் கடைய மூடிருவீங்க. பந்து தள்ளினா ஏர்கன்னு எழுதினவன் ஒரு தடவ இங்க வந்து அடி வாங்கியிருந்தா இப்படி எழுதியிருப்பானா?

– அதத்தான் சார் நாங்களும் கேக்கறோம். உங்கள மாதிரி நேர்ல வந்து பாக்கறவங்க எத்தன பேரு?

– ஐஸ் வைக்காதீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதற வார்த்தைக்கு நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். இதால யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆயிராது, அப்படித்தானே?

– ஆகாது சார். என் தம்பி மேல சத்தியமா பொம்மை சார்.

– என் மேல ஏன்க்கா?

– சரி. பொம்மைன்னே போட்டுடறேன். இந்த மேசையில பெயிண்ட் இல்லயே? வச்சு எழுதலாம்ல?

– எழுதுங்க சார், எழுதுங்க. டேய், சாருக்கு டீ சொல்லு. எங்க போற? வாசல்ல என்ன வேடிக்க?

– அக்கா, அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி ஒருத்தன். கண்ணாடில ஆவி புடிச்சுருச்சு போல, மாஸ்க்கத் தூக்கித் தொடைக்கறான்.

– விசிலடி!

– அடிச்சிட்டுதான இருக்கேன், காதுலயே விழல அவனுக்கு. அந்தப் பக்கம் நாலு பேரு அவனத் தேடி வரானுங்க.

– தள்ளுடா, மைக்கக் குடு! ஏய், எல்லாரும் சுடறத நிறுத்துங்க! துப்பாக்கியக் கீழ எறக்குங்க, எறக்குங்கய்யா! டயருக்குப் பின்னாடி நிக்கற வெள்ளச் சட்ட, மாஸ்க்கப் போடு, கண்ணு அவிஞ்சு போயிரும்! சுத்தி நிக்கறவன் கையில இருக்கறதெல்லாம் என்ன பொம்மைன்னு நெனச்சியா?